காசுக்குள் பேசிய ராஜா

நாற்காலிக் கடைக்கு மேல்மாடியில் செத்துப்போன ராஜாக்கள் பேசுகிறார்களாம். ஊரில் பாதி அந்த மாடிப்படியில்தான் நின்றது. மீதிப் பாதி, படியில் இடம் இல்லாததால் தெருவில் நின்றது.

வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் சும்மாவா திரும்புகிறார்கள்? அங்கே ஏதாவது இடிந்த கோட்டை வாசலில் ஒருவன் அழுக்குத் துணியை விரித்து உட்கார்ந்திருப்பான். "எங்க நிலத்தை உழுதப்போ கிடைச்சது. உங்க முகத்துக்காகத் தர்றேன்" என்பான். அந்த முகத்தை அவன் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறான் என்பது வேறு விஷயம். நம் ஆளும் பச்சை பூத்த காசு நாலை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வருவார். வீட்டுக்கு வந்தபிறகுதான் சந்தேகம் வரும்: இது நிஜமா, போலியா? சந்தேகம் வந்த பின்னால் புத்தி வரவேண்டும். இங்கே நாணய ஞானி வந்தார்.

ஞானிக்குத் தராசு வேண்டாம், பூதக்கண்ணாடி வேண்டாம். காசை வலது காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். உள்ளேயிருந்து ராஜா பேசுவார். கடல் தாண்டிய தேசத்து ராஜா, மண்ணோடு மண்ணாகி ரெண்டாயிரம் வருஷம் ஆனவர், எந்த மொழியில் பேசுவார்? சுத்தமான தமிழில்தான். காசுக்குள் சும்மா கிடந்த நேரத்தில் படித்திருப்பார் போலிருக்கிறது.

எல்லா ராஜாவும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "நான் நிஜம். ஆனால் தனியாகத் தவிக்கிறேன். என் ராணியைக் கொண்டு வா." ராணிக்கு எங்கே போவது? நல்லவேளை, ஞானியின் மேசை இழுப்பறையிலேயே ராணி இருப்பாள். விலைதான் ராணிக்கேற்ற விலை. ஜோடி சேர்ந்தால் வீட்டில் செல்வம் குட்டி போடும். சேராவிட்டால் என்ன ஆகும் என்று ஞானி சொல்லமாட்டார். ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். அந்தப் பெருமூச்சிலேயே பாதிப் பேர் பையைத் திறந்துவிடுவார்கள்.

இந்த வலையில்தான் பல் டாக்டரின் அத்தான், சுற்றுலாவிலிருந்து நாலு காசோடு திரும்பியவர், போய் விழுந்தார்.

பல் டாக்டருக்குச் செய்தியைக் கொண்டுவந்தது அக்காதான். முழங்கால் தேய்ந்து, படிக்கு ஒருதரம் "அம்மா" என்று ஏறுகிறவள். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று. அன்று கிளினிக்குக்கு வந்து, பல்வலி இல்லாமலே நோயாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"ஆபரேஷன் தள்ளிப்போகுதுடி."

"ஏன்க்கா?"

"ராஜாவுக்குக் கல்யாணம்."

தங்கைக்கு முதலில் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். தங்கைக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் பெட்டியைத் திறந்து, தூங்கும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி காசுகளை எடுத்து வைத்தார். அவள் ஒவ்வொன்றையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள்.

"அத்தான், இந்தப் பொடிப்பொடிக் குழியைப் பாருங்க. உருக்கின உலோகத்தை அச்சுல ஊத்தறப்போ காத்து மாட்டிக்கிட்டா இப்படித்தான் வரும். உலோகப் பல்லு வார்க்கறப்போ எங்க லேப்ல அடிக்கடி பாக்கறேன். விளிம்புல அரம் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. அச்சோட ரெண்டு பாதியும் சேர்ற கோட்டை மறைக்கத்தான். எல்லாத்தையும் விடுங்க, நாலு காசுலயும் ராஜா மூக்குல ஒரே இடத்துல ஒரே கீறல் எப்படி விழும்?"

"ராஜாவுக்கு நெஜமாவே மூக்குல தழும்பு இருந்திருக்கும்" என்றார் அத்தான்.

"ஒரே காசை அச்செடுத்து நாலா வார்த்திருக்காங்க, அத்தான்."

"உனக்குப் பல்லைப் பத்தித் தெரியும்மா. காசைப் பத்தி என்ன தெரியும்?"

"முழுசாத் தெரியாதுதான். தெரிஞ்சவங்க அருங்காட்சியகத்துல இருக்காங்க. எடை போட்டு, நெஜக் காசோட ஒப்பிட்டுப் பாத்துச் சொல்வாங்க. வாங்க, கேட்போம்."

"அவங்களுக்கு ராஜா பேசறது கேக்குமா?"

இந்தக் கேள்விக்கு எந்தக் கல்லூரியிலும் பதில் சொல்லித்தரவில்லை. பல் டாக்டர் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மற்றவர்கள் வாயைத் திறக்கவைத்தே பிழைப்பவளுக்கு அது சுலபமாக இல்லை.

வந்தவள் கொஞ்சம் மெழுகை எடுத்தாள். பல் செதுக்கிப் பழகிய கை. எதிரே சோபாவில் வீட்டுக்காரர் கண்ணயர்ந்திருந்தார். அவருடைய பக்கவாட்டு முகத்தை, ரெட்டை நாடியைக்கூட விடாமல் செதுக்கினாள். தலையில் ஒரு கிரீடம் வைத்தாள். சுற்றிலும் சில எழுத்துகள். லேப்காரர் அதைச் செம்பில் வார்த்துக் கொடுத்தார். வினிகரில் ஊறப்போட்டுப் பூந்தொட்டி மண்ணில் புதைத்தாள். ஒரே வாரத்தில் காசுக்கு ரெண்டாயிரம் வயசாகிவிட்டது.

அத்தான் ராணியை அழைத்துவரக் குறித்திருந்த நாளில் எல்லாருமாக மாடிக்குப் போனார்கள். அக்கா ஊன்றுகோலோடு ஏறினாள். அத்தான் மடியில் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணப்பை. வீட்டுக்காரர் கூட்டத்துக்குப் பின்னால் சுவரோரம். ஞானி பத்து விரலிலும் மோதிரம் மின்ன வீற்றிருந்தார்.

"ஐயா, முதல்ல என் காசைக் கொஞ்சம் பாருங்க" என்று நீட்டினாள் பல் டாக்டர். "வெளிநாட்டுல வாங்கினது."

அப்படிச் சொன்னது அவளுடைய பொய். காசின் ஓர எழுத்தில் வார்த்து வைத்திருந்தது நிஜம்.

ஞானி காசைக் காதில் வைத்தார். உடம்பு ஒருதரம் சிலிர்த்தது. "ஆகா! யானைப்படை... புழுதி... மூன்று தேசங்களை வென்ற மாவீரன்! இந்த முகத்தைப் பாருங்கள், என்ன கம்பீரம்!"

சுவரோரம் நின்றவர் நிமிர்ந்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். கல்யாணமானதிலிருந்து யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை.

"நிஜக் காசுதானா, ஐயா?"

"நிஜமா? இதுபோல் உலகத்தில் இன்னொன்று இல்லை!"

அது மட்டும் சத்தியமான வார்த்தை.

"ஓரத்துல ஏதோ எழுதியிருக்கே?"

"பழங்கால லிபி, தாயே. ராஜாவே படித்துச் சொல்கிறார். 'என்னைப் போற்றும் வீட்டில் பொன்மழை பொழியும்.' ஆனால் பாவம், ராணியைத் தேடுகிறார்..."

பல் டாக்டர் பையிலிருந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்தாள். காசையும் கண்ணாடியையும் அத்தான் கையில் கொடுத்தாள். "எழுத்தைத் திருப்பிப் போட்டிருக்கு. கண்ணாடியில பாத்துச் சத்தமாப் படிங்க அத்தான்."

அத்தான் எழுத்துக் கூட்டினார். "பல்... தேய்த்து... விட்டுத்... தூங்கு."

படியில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரிக்க, அது கீழே தெருவரைக்கும் உருண்டு போனது.

"ராஜா என் வீட்டுக்காரர்தாங்க. அதோ நிக்கிறாரு. ராணி நான். தேட வேண்டிய அவசியமே இல்ல!"

மாவீரன் கை அசைத்தார்.

ஞானி அசரவில்லை. "போலிக் காசில் ஒரு குறும்பு ஆவி புகுந்து என்னைச் சோதித்துவிட்டது!" என்றார். முன்வரிசையில் ஒரு பெரியவர், "அதுவும் நடக்கும்" என்று தலையாட்டினார். நம்பியே தீருவேன் என்பவனுக்குக் காரணமா பஞ்சம்?

அப்போதுதான் அக்கா ஊன்றுகோலைத் தரையில் ஓங்கித் தட்டினாள். "ராணி வாங்கினவங்க எல்லாம் ராணியை வெளியே எடுங்க!"

பைகள் திறந்தன. ராணிகள் ஜன்னல் திட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கூட்டமே குனிந்து பார்த்தது. அத்தனை ராணிக்கும் இடது காது அதே இடத்தில் உடைந்திருந்தது.

"யோவ்!" என்று கத்தினார் ஒரு தையல்காரர். "என் ராஜாவுக்கு நீ கட்டிவெச்ச ராணி, இவங்க வீட்டுலயும் குடித்தனம் பண்றாளே!"

யாரோ இழுப்பறையைப் பிடுங்கிக் கவிழ்த்தார்கள். ஒரே முகத்தோடு ஒரு அந்தப்புரமே தரையில் கொட்டியது. முன்வரிசைப் பெரியவர் ஒன்றைப் பொறுக்கிப் பார்த்தார், தன் பையிலிருந்ததையும் பார்த்தார். பிறகு அவர்தான் முதல் ஆளாக ஞானியின் சட்டையைப் பிடித்தார். ஜன்னல் திட்டில் ராணிகளை வைத்தவர்களுக்கெல்லாம் பணம் திரும்பிவந்தது. அதன்பிறகு ஞானியிடம் எந்த ராஜாவும் பேசவில்லை. இன்ஸ்பெக்டர்தான் பேசினார்.

படியிறங்கும்போது அக்கா அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் தலை நிமிரவில்லை.

"இத்தனை வருஷமா நான் பேசறது உங்க காதுல விழல. செத்த ராஜா பேசறது மட்டும் விழுந்துச்சாக்கும்" என்றாள். அத்தான் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பாலா வெட்கத்தாலா என்று அவருக்கே தெரியவில்லை.

ஆபரேஷன் குறித்த தேதியில் நடந்தது. அத்தான் நாலு காசையும் அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போனார். அங்கிருந்த அம்மா நாலும் போலி வார்ப்பு என்றார். "எப்படித் தெரியும்?" என்று அத்தான் கேட்டார். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை, பெருமூச்சும் விடவில்லை. தராசைக் காட்டினார், நிஜக் காசைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார், "நீங்களே பாருங்க" என்றார். நிஜம் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். புரட்டுக்காரனுக்குத்தான் பிடிக்காது.

ஆகவே, மகாஜனங்களே, காதால் கேட்டது போதும். இனிமேலாவது வாயால் கேளுங்கள்.