கை படாத அசோலா

வேப்பமரத்தடியில் கோமதிசங்கரின் கயிற்றுக் கட்டில் கிடந்த இடத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தார்ப்பாய் விரித்த தண்ணீர்க் குழி இருந்தது. அதில் பாதிக்குமேல் பச்சைப் பசேலென்று அசோலா என்ற நீர்ச்செடி மிதந்தது. மாட்டுத் தீவனமாம். கால்நடை ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போய்வந்த மனைவி ஞானபூரணத்தின் வேலை அது.

சங்கரன்கோவில் வெயிலில் அந்த ஒரு நிழலை நம்பித்தான் அவருடைய மதியத் தூக்கமே இருந்தது. மனுஷனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏட்டி, இதை வெயில்ல கொண்டு வைக்கக் கூடாதா?"

"நிழல்லதான் வளருமாம்."

"நானும் நிழல்லதான் வளருதேன்!"

"நீங்க வளந்தது போதும். பத்து நாள் பொறுங்க. செத்துப்போச்சுன்னா குழியை மூடிருதேன். பிழைச்சுதுன்னா உங்க கட்டில் தொழுவத்துக்குப் போயிரும்."

"அது எப்படிட்டி சாகும்?"

"கை படக் கூடாதாம். பட்டா அழுகிருமாம். அந்தப் பக்கமே போயிராதிய!"

கோமதிசங்கரின் மனசுக்குள் பட்டாசு வெடித்தது.

மறுநாள் அவள் பால்கேனோடு சொசைட்டிக்குக் கிளம்பியதும் இரண்டு கையாலும் அள்ளினார். அள்ளியதை எங்கே ஒளிப்பது? செவலைப் பசுவின் முன்னால் போட்டார். அது மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்று தண்ணீரில் அலசிப் போட்டார். ஊஹும். அவள் வண்டி திரும்பப் பத்தே நிமிஷம். தவிட்டைக் கலந்து பிசைந்து வைத்தார். மாடு நக்கித் தீர்த்தது. சாட்சி மாட்டு வயிற்றில்!

அடுத்த நாள் பார்த்தால், அள்ளிய இடம் தெரியாமல் மூடிக் கிடந்தது. இன்னும் அள்ளித் தவிட்டோடு மாட்டுக்கே வைத்தார். அது இன்னும் நெருக்கமாய் வந்தது. ஆறாம் நாள் ஆத்திரத்தில் ஒரு வாளி சாணியைக் கரைத்து அதன் தலையில் ஊற்றினார். எட்டாம் நாள் குழி கரை முட்டப் பச்சையாய் நிறைந்து நின்றது.

ஒன்பதாம் நாள் குனிந்து அள்ளிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வண்டிச் சத்தம். கையை வேட்டியில் துடைத்தார். இடையில் முறுக்கிவிட்ட மீசையை மறந்துவிட்டார்.

"மீசையில என்னது, பச்சையா?"

"கீரை..."

"நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கலையே."

அவள் பால்கேனைக் கழுவப் போய்விட்டாள். அதுதான் அவரை ரொம்பப் பயமுறுத்தியது.

பத்தாம் நாள் ஞானபூரணம் குழியைப் பார்த்தாள், பசுவைப் பார்த்தாள், கடைசியாக அவரைப் பார்த்தாள்.

"செவலை அரை லிட்டர் கூடக் கறக்குது."

"கை பட்டா அழுகிரும்னியே!" வாய் தவறிக் கேட்டேவிட்டார்.

"கை படாட்டாத்தான் அழுகும். தினமும் அள்ளணும், அலசணும், தவிட்டுல பிசையணும், வாரம் ஒருக்க சாணி கரைச்சு ஊத்தணும். செய்யுங்கன்னு சொன்னா என்னைக்குச் செஞ்சிருக்கிய? செய்யாதியன்னு சொன்னாத்தான உங்களுக்குக் கை ஓடும்."

வண்டிப் பெட்டியிலிருந்து புதுச் சல்லடை ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"கட்டிலைத் தொழுவத்துல போட்டாச்சு, இனி காலையில வேலைக்கு நீங்க தூரம் நடக்க வேண்டாம் பாருங்க."