ஐயனார் காட்டில் மாப்பிள்ளை காணாமல்போன விவரம்

சேசு மரி சூசை துணை

ஆவூர்,
10-2-57, ஞாயிறு.

திண்டுக்கல்லில் இருக்கும் மகாகனம் பொருந்திய சம்மந்தி மைக்கேல்சாமி அவர்களுக்கும், சம்மந்தியம்மாள் அவர்களுக்கும், ரிடையரான போஸ்ட்மாஸ்டர் அடைக்கலசாமி கைகூப்பித் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நானும் என் மனைவி சூசைமேரியும் இங்கே உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் முறை. வெள்ளிக்கிழமை நடந்ததை நினைத்தால் அப்படி எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. அங்கே தங்கள் மூட்டுவலி, சம்மந்தியம்மாளின் இருமல், சினையாக இருக்கும் பசு, எல்லாம் நலமென்று நம்புகிறேன்.

தை பிறந்ததும் தாங்கள் எழுதிய கடிதத்தை நான் மறக்கவில்லை. மறக்கிற மாதிரியா எழுதியிருந்தீர்கள்! தலைப்பிரசவத்துக்கு வந்த மருமகள், குழந்தை தவறிப்போன பிறகும் தாய்வீட்டிலேயே இருந்தால் எப்படி, தபசுகாலம் பிறப்பதற்குள் அவள் வந்தாக வேண்டும், என் மகனே நேரில் வந்து அழைப்பான், அவன் தனியாகத் திரும்பினால் அதற்குப் பிறகு எங்கள் வாசலில் அவளுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். என் மகள் ஞானசெல்விக்கு அதை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். போ தாயி, புருஷன் வீட்டுக்குப் போ என்று நான் சொல்லாத நாள் கிடையாது. சுவருக்குச் சொன்னால்கூடப் பல்லி உச்சுக்கொட்டும்.

மாப்பிள்ளையும் சொன்னபடி வந்தார். வந்தவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, ரயில்வேயில் யாரோ வெள்ளைக்கார கார்டு கொடுத்துவிட்டுப் போன அந்தத் தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, எங்கள் முருங்கை மரத்துச் சிட்டுக்குருவியைப் பார்த்தார். மறுநாளும் அதே குருவியைப் பார்த்தார். எங்கள் வீட்டு நிலைமையைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சூசைமேரி மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசமாட்டாள், அது மரியாதை. என் மகள் யாரோடும் பேசமாட்டாள், அது துக்கம். மாப்பிள்ளை பிறவியிலேயே பேசாதவர், அது தங்களுக்கே தெரியும். ஆகப் பேச்சு மொத்தமும் என் தலையில் விழுந்தது. விலைவாசி பேசினேன், மழையில்லாதது பேசினேன், மணியார்டர் எழுதும்போது ஜனங்கள் செய்யும் பிழைகளைப் பேசினேன். எல்லாவற்றுக்கும் மாப்பிள்ளை "ஆமாங்க மாமா" என்றார். வியாழக்கிழமை அவராகவே வாய்திறந்து, "இங்கிட்டுப் பக்கத்துல காடு ஏதும் இருக்குங்களா மாமா?" என்று கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காடு இருக்கிறது. இருந்து தொலைத்ததுதான் இத்தனைக்கும் காரணம். ஊருக்கு மேற்கே ஐயனார் கோயிலைச் சுற்றிக் கொஞ்சம் மரம் அடைந்து கிடக்கும். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும், அவ்வளவுதான் அகலம். சுற்றுவட்டாரமெல்லாம் விறகுக்கு வெட்டி மொட்டையாகிவிட்டது. இங்கே மட்டும் ஒரு குச்சி ஒடித்தாலும் ஐயனார் குதிரையேறி வீட்டுக்கே வந்துவிடுவார் என்ற பயத்தில் பாலையும் வீரையும் நாவலும் தப்பி நிற்கின்றன. அங்கே வால் நீண்ட ஒரு வெள்ளைக் குருவி இந்த மாதத்தில் வரும், அதைப் பார்க்க வேண்டுமென்று மாப்பிள்ளைக்கு ஆசை. குடும்பத்தோடு போவதென்றால் கௌரவமாகச் சித்தன்னவாசல் போகலாமே, சுவரில் தாமரைக்குளமும் அன்னமும் எழுதியிருக்கிறதே என்று சூசைமேரி கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொன்னாள். நான் மாப்பிள்ளையிடம் சொன்னேன். "சுவத்துல உள்ள அன்னம் பறக்காதுங்களே மாமா" என்றார். சரி, எங்கே போனாலும் நாலு பேரும் ஒரே வண்டியில் ஏறினால் முழங்கால் இடிக்கும், முழங்கால் இடித்தால் ஒரு வார்த்தையாவது வரும் என்று நான் கணக்குப் போட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சொல்லுவார்கள். நாம் பிள்ளையார் பிடிக்கிறவர்கள் இல்லை, இருந்தாலும் குரங்கு நம்மை விடவில்லை.

போனது வெள்ளிக்கிழமை. சுத்தபோசன நாளில் மாப்பிள்ளைக்குக் கறியும் இல்லை, மீனும் கிடைக்கவில்லை, புளிச்சோறும் பருப்புத் துவையலும்தான். இதுவே ஒரு குறை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டியவன் ராக்கன். அந்த ஐயனார் அவனுக்குக் குலசாமி. காட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்தி, "செருப்பு, பூட்சு எல்லாத்தையும் இங்கிட்டே கழட்டிப் போட்ருங்க. எலையக்கூடக் கிள்ளப்படாது" என்றான். நமக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, நான் ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறவன். ஆனால் ஊரான் சாமியைப் பகைத்துக்கொண்டு அந்த ஊர் வழியாகத் திரும்பி வர முடியுமா? கழற்றினோம். கழற்றின மறுநிமிஷம் என் குதிகாலில் காரைமுள் ஏறிற்று. வேற்றுச்சாமிக்குச் செருப்பைக் கழற்றியது பாவமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்கலாமென்றிருந்தேன். முள் குத்தியதே அதற்குத் தண்டனையாகப் போதும் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே என்ன கண்டோம் என்று கேட்டால், ஒரு உடும்பு கண்டோம். அது எங்களைப் பார்த்த பார்வையில் கொஞ்சமும் மரியாதையில்லை. ஆலமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, சூசைமேரி கிறிஸ்துமசுக்கு எடுத்த சேலை எதுவென்று தேர்ந்தெடுத்து அதன்மேலேயே எச்சமிட்டன. மயில் இருக்கிறது என்றார்கள். கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது, பிள்ளை பறிகொடுத்தவள் கத்துவது போல. என் மகள் அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டாள். நான் பேச்சை மாற்ற, வௌவாலுக்கு மணியார்டர் அனுப்பினால் விலாசம் எப்படி எழுதுவது என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளையைக் காணோம்.

முதலில் நாங்கள் கவலைப்படவில்லை. அவசரத்துக்குப் புதர் ஓரமாக ஒதுங்கியிருப்பார் என்றுதான் நினைத்தோம். நேரம் போயும் ஆள் வரவில்லை. கூப்பிட வேண்டுமே, எப்படிக் கூப்பிடுவது? மாப்பிள்ளையைப் பேர் சொல்லி அழைக்க நான் என்ன அவருக்கு மேலதிகாரியா? சூசைமேரி பேசவே மாட்டாள், அவள் எங்கே கூப்பிடுவது! என் மகளோ, கல்யாணமான நாளிலிருந்து பதுவை அந்தோணியார் மன்றாட்டு வந்தால்கூட "அவுக பேருள்ள சாமியே" என்று வேண்டிக்கொள்ளுகிறவள். அப்படித்தான் வளர்த்தோம், அதை நான் தங்களுக்குச் சத்தியமாகச் சொல்லுகிறேன். ஆகவே நான்தான் கைகளைக் குவித்து, "மாப்பிள்ளே! ஓ மாப்பிள்ளே!" என்று கத்தினேன். உடனே அந்தப் பக்கமிருந்து, "இந்தா வாரேன் மாமா, கஞ்சியக் குடிச்சிட்டு வாரேன்!" என்று பதில் வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பிற்று. மாப்பிள்ளைக்கு யார் கஞ்சி கொடுத்தது, நமது புளிச்சோறு பிடிக்காமல் போயிற்றா என்று ஒரு வருத்தம் மட்டும் வந்தது. நிழலில் உட்கார்ந்து நாங்களும் சாப்பிட ஆரம்பித்தோம். ராக்கன்தான் வாயில் சோற்றோடு சொன்னான், "அது கண்ணுசாமி கொரலுல்ல? எங்க ஊரு மாப்பிள்ளை. அங்கிட்டு ஆடு மேச்சுக்கிட்டு இருக்கான்."

"அப்ப அவுக?" என்றாள் என் மகள். பிள்ளையை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, எழுந்து ஓடினாள். முதலில் "ஏங்க, ஏங்க" என்றாள். ராக்கன் எழுந்து "என்னங்க தாயி" என்றான். பிறகு, சம்மந்தி அவர்களே, மன்னிக்க வேண்டும், "அந்தோணிமுத்தூ! அந்தோணிமுத்தூ!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். வௌவால் மொத்தமும் எழும்பி வானம் கறுத்துவிட்டது. கட்டின புருஷன் பேரை! கண்ணுசாமியின் ஆடுகூடக் கேட்டிருக்கும். நானும் பின்னால் ஓடினேன், நாலடி போவதற்குள் வேட்டி சூரைமுள்ளில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் கிழியும், விட்டால் மானம் போகும். அங்கேயே நின்றேன். அதனால்தான் பின்னால் நடந்த பேச்சு என் காதில் விழுந்ததே தவிர, ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மாப்பிள்ளை எனக்கு எதிரேதான், ஒரு பாலைமரத்தடியில், எறும்புதின்னி தோண்டின பொந்தில் ஒரு கால் முழங்கால்வரை போய், கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்தார். என் மகள் முன்னால் போய் நின்றாள்.

"கூப்பிட்டது காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அப்ப ஏன் கொரல் குடுக்கல?"

மாப்பிள்ளை மேலே கையைக் காட்டினார். தலைக்கு நேர்மேல் கிளையில் அந்த வெள்ளைக் குருவி உட்கார்ந்திருந்தது. "பேசுனா பறந்துரும்னு..." என்றார்.

"ஒரு குருவிக்காகவா வாய மூடிக்கிட்டுக் கெடந்தீங்க? நான் செத்துப் பொழச்சேன்யா, கூறுகெட்ட மனுசா! பிள்ளைய அடக்கம் பண்ணுன அன்னைக்கும் இப்படித்தானே நின்னீங்க? ஏ ஞானம்னு ஒரு வார்த்தை கூப்பிட்டீங்களா? பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போனீங்கல்ல?"

"பேசுனா நீ அழுவேன்னு நெனச்சேன்."

"அழுகத்தானே வேணும்! தனியா அழுது அழுது எனக்குச் சலிச்சுப் போச்சு."

கூறுகெட்ட மனுசன் என்று சொன்னாள். மறைக்கவில்லை, யார் மூலமாகவாவது தங்கள் காதுக்கு வருவதற்குமுன் நானே எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு தங்கள் குமாரர் செய்ததை எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது. ரயில்வே உத்தியோகஸ்தர், ஒரு கால் பொந்துக்குள் இருக்க, வாய்விட்டு அழுதார். இவளும் மண்ணில் உட்கார்ந்து அழுதாள். வாய் திறந்தாளே என்று நான் சந்தோஷப்படுவதா, திறந்த வாயால் இதையா பேசினாள் என்று தலையில் அடித்துக்கொள்வதா? குருவி பறந்துபோயிற்று. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். வால் நீளம்தான். வெகுநேரம் கழித்து, சத்தம் கேட்டுக் கூடிவிட்ட ஊர்ஜனம் பார்க்க, அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை நொண்டி நொண்டி வெளியே வந்தார். அந்த நேரம் பார்த்து ஒருத்தன் தோளில் துண்டோடு வந்து நின்று, "கூப்பிட்டீங்களா மாமா?" என்றான். கண்ணுசாமி. வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது, இனி ஒரு வருஷத்துக்கு மெல்லுவார்கள்.

வீட்டுக்கு வந்தது முதல் நிலைமை இன்னும் மோசம். கணுக்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறது, வீக்கம் வடிகிறது. ஆனால் இரண்டு பேரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினவர்கள்தான். உள்ளே ஓயாமல் பேச்சு, நடுவே அழுகை, திரும்பவும் பேச்சு. சண்டை தீரவே இல்லை. இரண்டு தட்டில் சோறு வைத்தால் ஒரு தட்டில்தான் சாப்பிட்டிருக்கிறது, யாரோ ஒருவர் பட்டினி. இன்று பூசைக்கு நானும் சூசைமேரியும் மட்டும் போய்வந்தோம். இதையெல்லாம் சொல்லி வருத்தப்பட்டால் அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். துக்கத்தில் அவளுக்கும் புத்தி பேதலித்துவிட்டது. பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும். வேறென்ன சொல்ல!

ஆகையால் தங்கள் குமாரர் தனியாகத்தான் வருவார். என் மகளை இனி எதிர்பார்க்க வேண்டாம். அவள் நாக்கு நீண்டது என்று அவளைக் குறைசொல்ல வேண்டாம், காட்டுக்குக் கூட்டிப்போன என்னைச் சொல்லுங்கள். எங்களுக்குப் பிறகு அவளுக்கு யார் என்ற கவலையைத் தேவமாதாவிடம் விட்டுவிட்டேன். அந்தத் தாய் தங்களையும் சம்மந்தியம்மாளையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். பசு சுகமாகக் கன்று ஈனட்டும். அண்டை அயலில் எங்களை விசாரிக்கிறவர்கள் இருந்தால் எல்லாருக்கும் எங்கள் தோத்திரம்.

இப்படிக்கு,
தலைநிமிர வகையில்லாத தங்கள் சம்மந்தி,
அடைக்கலசாமி

பி.கு.: மேலே தேதியும் தோத்திரமும் நீங்கலாக மற்றதெல்லாம் ரத்து. உறை ஒட்டச் சோற்றுப்பருக்கை எடுக்க உள்ளே போனேன், ஞானசெல்வி பெட்டியில் சேலை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலை பஸ்ஸில் இரண்டு பேரும் வருகிறார்கள். வேறு எழுதத் தாள் இல்லை, தபாலில் போட்டால் அவர்களுக்குப் பின்னால்தான் வந்துசேரும், ஆகவே மாப்பிள்ளை கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். "கால் ஆறட்டுமே, அடுத்த வாரம் போகலாமே" என்றேன். "நீங்கதானேப்பா போ போன்னு நின்னீங்க" என்றாள். ஆமாம், நான்தான்.

ஒன்று மட்டும் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தினம் சாயங்காலம் அவள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பிள்ளை குழியில் பூ வைத்துவிட்டு வருவாள். அதை விட்டுவிட்டு வர மாட்டாமல்தான் இத்தனை மாதம் இங்கே கிடந்திருக்கிறாள். எனக்கு இப்போதுதான் விளங்கிற்று. சற்றுமுன் பக்கத்தில் வந்து, "நாளையிலருந்து அங்கிட்டு யாருப்பா போவா?" என்று கேட்டாள். "நான் போறேன் ஆத்தா" என்றேன். "மழை பேஞ்சா?" என்றாள். "பேஞ்சாலும் போறேன்" என்றேன். அங்கே வந்த பிறகும் கேட்பாள், உங்களிடம்தான் கேட்பாள். அப்பன் போயிருப்பான் என்று சொல்லுங்கள்.