பூவார் போவதற்குள் ஒரு பாட்டு

வால் முளைத்த அந்தப் பொய்க் கேசட்டைக் கார் ஸ்டீரியோவின் வாய்க்குள் தள்ளி, பட்டனை அமுக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான் சத்தியராஜ். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ சுற்றவும் செய்தது. பாட்டு மட்டும் வரவில்லை.

"என்ன அத்தான், பாடல்லியே?" பின்சீட்டிலிருந்து மச்சினன் சானு கேட்டான்.

"பாடும். கொஞ்சம் சூடாவட்டு."

சூடாவதற்கு அதென்ன தோசைக்கல்லா? ஆனால் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. சானு ஷார்ஜாவில் கார்களுக்கு ஸ்டீரியோ பொருத்துகிற கடையில் இருக்கிறவன். கடைக்கு ஓர் ஆள் வேண்டும், விசா தயார். "ஒங்களுக்கு இந்த வேலை தெரியுமா அத்தான்?" என்று அவன் கேட்டபோது, "பின்னே, தெரியாம?" என்று சத்தியராஜ் மார்தட்டிவிட்டான். வாய் செய்த வேலைக்குக் கை அனுபவித்துக்கொண்டிருந்தது.

பரீட்சை இதுதான். சானு கொண்டுவந்த கையடக்க பிளேயரில் டிஸ்க்கைப் போட வேண்டும். பிளேயரிலிருந்து வருகிற வயரின் நுனியில் அந்தப் பொய்க் கேசட் இருக்கும். அதை மாமனாரின் மாருதியில் உள்ள ஸ்டீரியோவுக்குள் செருகி, பை நிறைய இருக்கிற டிஸ்க்குகளில் ஒன்றையாவது பாடவைக்க வேண்டும். அதுவும் பாறசாலையிலிருந்து பூவார் போய்ச் சேர்வதற்குள். பூவாரில் சானுவின் ஷார்ஜாக் கூட்டாளி ஒருவனின் வீடு. அவன் கொடுத்துவிட்ட பார்சலைக் கொடுத்துவிட்டு, அங்குள்ள போனிலேயே முதலாளியைக் கூப்பிட்டு, ஆள் உண்டா இல்லையா என்று சானு சொல்லிவிடுவான்.

பாட்டு வந்தால் ஷார்ஜா. வராவிட்டால் பழையபடி டுட்டோரியல் காலேஜ் ஆபீஸ், ஒழிந்த நேரமெல்லாம் மாமனாருக்கு ஓசி டிரைவர். மாமனார் சுந்தரதாஸ் தன் ரப்பர் மரங்களை விடிகாலையில் தானே சரித்து வெட்டி, சிரட்டையில் பால் எடுக்கிற தைரியசாலி. ஸ்டீயரிங்கைத் தொட மட்டும் பயம். சர்ச்சுக்கு சத்தியராஜ், நெய்யாற்றின்கரை கோர்ட்டில் எல்லைத் தகராறு வழக்குக்கு சத்தியராஜ், மீன் வாங்கக்கூட சத்தியராஜ். கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்து.

ஹெட்போனை மாட்டிப் பார்த்தான். டிஸ்க் ஜோராகப் பாடியது. "டிஸ்க்குல குத்தமில்ல," என்றான்.

"அப்பிடிச் சொல்லாதியும் மாப்ளே. அழுக்கு இருக்கும்," என்று முன்சீட்டு மாமனார் டிஸ்க்கைப் பிடுங்கி, ஊதி, எச்சில் தொட்டு, மூக்குப்பொடிக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். மறுபடி போட்டபோது ஹெட்போனில் பாட்டு ஒரே சொல்லில் நின்று விக்கியது.

"எனக்க டிஸ்க்கு," என்று முனகினான் சானு.

"கேசட்டு செரியா உள்ள போயிருக்காது," என்றாள் சத்தியராஜின் மனைவி புஷ்பபாய். "வயரப் பிடிச்சு ஒண்ணு இழுங்க."

இழுத்தான். கேசட் பாதி வெளியே வந்து, சரிந்து, அப்படியே இறுகிக்கொண்டது. இனி உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. சத்தியராஜ் பல்லைக் கடித்தான்.

"ரேடியோவ போட்டுப் பாருங்க," என்றான் சானு.

அதிலும் ஒன்றும் இல்லை. "இங்க கெடைக்காது மக்கா," என்றார் மாமனார். "நாம ரெண்டு ஸ்டேட்டுக்கும் நடுவுல கெடக்கோம். எந்த ஸ்டேஷனும் நம்மள கண்டுக்காது." இரைச்சல்கூட வரவில்லையே என்று சத்தியராஜுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

"ஃபியூசாக்கும்," என்று அடுத்த குண்டைப் போட்டார் மாமனார். வண்டியை ஓரம் கட்டி, சத்தியராஜ் ஒரு ஃபியூசைப் பிடுங்கினான். அது விரலிடுக்கில் நழுவி ஓடைக்குள் விழுந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அது ஹாரனுடையது.

குளத்தூர் சந்தைக்குள் வண்டி ஊமையாக ஊர்ந்தது. மாமனார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "மாறு, மாறு, வண்டி வருது," என்று கத்திக்கொண்டே வந்தார். மீன்கூடையோடு நின்ற ஒரு பெண், "ஹாரனுக்கு ஆள வச்சிருக்கியளோ?" என்று கேட்டாள். சத்தியராஜுக்கு மானம் போயிற்று. ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு, அதற்கு இத்தனை பாடா என்று அழுகையே வந்தது.

நேசையனின் ஒர்க்‌ஷாப் முன்னால் வண்டியை நிறுத்தினான்.

"போன ஞாயித்துக்கெழம வரைக்கும் பாடின செட்டாக்கும் நேசையன் அண்ணே. இப்ப மூச்சுவிடல்ல."

நேசையன் ஸ்குரு டிரைவரால் கேசட்டை விடுவித்து ஒழுங்காகச் செருகினார். ஹாரனுக்கு வேறு ஃபியூஸ் போட்டார். பிறகு பின்பக்கம் போய், இடதுபுற ஸ்பீக்கரைத் தூக்கிப் பார்த்தார்.

"இடத்து வயர ஆரோ வெட்டியிருக்காவ," என்றார். "நல்ல நேர்வெட்டு. தையல் கத்திரியாக்கும்."

ஊருக்கே ஜாக்கெட் தைக்கிற புஷ்பபாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீயா?" என்றான் சத்தியராஜ்.

"நான்தான். பக்கத்து வீட்டு ஜெயபாய மாதிரி, புருசன அனுப்பிட்டு, மாசத்துக்கு ஒரு லெட்டரப் படிச்சிட்டு என்னால இருக்க முடியாது."

"இத வாயால சொல்லப்படாதா? அதுக்கு வயர வெட்டணுமா?"

"சொன்னா நீங்க கேப்பியளா?"

கேட்டிருக்க மாட்டான்தான். கோபம் பொங்கியது. அதன் அடியில் ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. அது வேறு அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

மாமனார்தான் குதித்தார். "புருசனுக்க பொழப்புல கைய வைக்கியா நீ? வெக்கமில்லியா ஒனக்கு? நான் ஒன்ன இப்பிடியா வளத்தேன்?"

"விடுங்கப்பா," என்றான் சானு. "அத்தானுக்க குத்தம் இல்லேண்ணு தெரிஞ்சுதுல்லா. பாட்டு கேக்கியதுக்கு வலத்து ஸ்பீக்கர் ஒண்ணு போதும். பாடினா பூவார்ல வச்சு நான் முதலாளிகிட்ட சொல்லியாச்சுண்ணு வச்சுக்கிடுங்க."

சத்தியராஜ் ஓடிப்போய்ப் பட்டனை அமுக்கினான். பச்சை விளக்கு எரிந்தது. பாட்டு வரவில்லை.

"வலத்த நான் தொடவே இல்ல," என்றாள் புஷ்பபாய், பைபிள் மேல் கை வைத்தவள் மாதிரி.

சுந்தரதாசுக்குத் திடீரென்று சாயா குடிக்க வேண்டும் போலிருந்தது. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

நேசையன் வலதுபுற ஸ்பீக்கரைத் தூக்கி, வயரின் நுனியை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சரிச்சுல்லா வெட்டியிருக்கு," என்றார். "அடியில ஒரு செரட்டையும் கெட்டியிருந்தா பாலு எடுத்திருக்கலாமே, சுந்தரதாஸ் அண்ணாச்சி."