காருக்கு விழுந்த கொதி

பெட்ரோல் குடிக்கும் காருக்கும் கண் படும் என்று கண்டுபிடித்தவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் தோவாளையில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும். ஊருக்கெல்லாம் அவர் கொதி அண்ணாச்சி.

கொதி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அடுப்பில் கொதிப்பதுதான் தெரியும். எங்கள் பக்கத்தில் இன்னொரு கொதி உண்டு. நாம் தின்பதை யாராவது சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டால் வயிறு கெட்டுப்போகும். அதுவும் கொதிதான். அது மருந்து மாத்திரைக்கெல்லாம் மசியாது. விவரம் தெரிந்தவர் தண்ணீர் ஓதிக் கொடுத்தால்தான் தீரும்.

அண்ணாச்சி கல்யாண மண்டபங்களுக்குப் பூ கொண்டுபோகிறவர். இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில், ஊரே புதுப்புது வண்டியாக வாங்கிக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் கார்புரேட்டர் வைத்த ஒரு பழைய பெட்ரோல் காரைக் கட்டிக்கொண்டு அழுதார். காலையில் தங்கமாக ஓடும். சூடேறிவிட்டால் இருமும், குலுங்கும். அந்தச் சூட்டோடு எங்காவது நிறுத்தினால் தீர்ந்தது, திரும்பக் கிளம்பாது. அதனால் அவர் நிறுத்துவதே இல்லை. "ஏலே, நிப்பாட்ட மாட்டேன், ஓடி வந்து ஏறு மக்கா!" என்பார். நானே எத்தனையோ தடவை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி ஏறியிருக்கிறேன்.

கடைசியில் வடசேரியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். அவன் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "வேற ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இன்ஜின் சூட்டுல பெட்ரோலு கொதிக்கு" என்றான்.

"கொதிக்கா?"

"ஆமா, கொதிக்குத்தான். பைப்புக்குள்ள ஆவி அடைச்சுக்கிட்டு..."

மிச்சத்தை அண்ணாச்சி கேட்கவே இல்லை. நேராக என்னிடம் வந்தார். "நான் அப்பமே நெனச்சேன் மக்கா. எதுத்த வீட்டு ஆட்டோ, நான் பெட்ரோலு ஊத்தும்போதெல்லாம் ஒத்தக் கண்ண முழிச்சுப் பாத்துக்கிட்டே நிக்கி."

எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கொதிக்கு ஓதுகிறவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். காரைப் பார்த்ததும் அவர் திகைத்துப்போனார். "ஓதிரலாம் வே. ஆனா தண்ணிய இது எது வழியாட்டுக் குடிக்கும்?"

அண்ணாச்சி சூடு ஆறாத ரேடியேட்டரின் மூடியைத் திறந்து காட்டினார். ஆவி குபீரென்று ஆளுயரத்துக்குக் கிளம்பியது. கண்டக்டர் சொம்போடு வாழைத்தோட்டத்துக்குள் பாய்ந்தார். "பாத்தேரா வே! கொதி போவுது, பாத்தேரா!" என்று அண்ணாச்சி துள்ளிக் குதித்தார். கண்டக்டரைச் சமாதானப்படுத்தி வெளியே கொண்டுவந்து, அவர் நடுங்கி நடுங்கி ஓதி முடிப்பதற்குள் இன்ஜின் ஆறிவிட்டது. சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பிவிட்டது. பிறகு யார் என்ன சொல்லி என்ன பயன்! அன்றிலிருந்து பெட்ரோல் பங்கில், குழந்தைக்குப் பால் கொடுக்கிற மாதிரி, துண்டை விரித்து மறைத்துக்கொண்டுதான் காருக்குப் பெட்ரோல் ஊற்ற விட்டார்.

அவருடைய ஒரே மகள் செல்வி. தாயில்லாத பிள்ளை. அவளுக்குச் சுசீந்திரத்தில் கல்யாணம். பெண்ணை அழைத்துவரப் புதுக் கார் அனுப்புகிறோம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். "எம் மவ எனக்க வண்டியிலதான் வந்து எறங்குவா" என்று அண்ணாச்சி ஒரே பிடியாக நின்றார். அப்படியே கிளம்பினோம். முன்சீட்டில் நான், பின்னால் செல்வியும் கல்யாண மாலைகளும்.

ஒழுகினசேரியில் நெரிசல். கார் நின்றது, இன்ஜினும் நின்றது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. மண்டபத்திலிருந்து போன் வந்தது. "என்ன சம்மந்தி, புதுக் கார அனுப்பட்டா?" "வேண்டாம், இன்னா வந்தாச்சு" என்று அண்ணாச்சி போனை வைத்தார். ஓதுகிற கண்டக்டரோ முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டார். ஊரையே சிரிக்கவைத்த மனிதர் நடுரோட்டில் கண் கலங்கி நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை.

செல்வி பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். "அப்பா, எனக்கு ஓதத் தெரியும். கண்டக்டர் மாமா சொல்லித் தந்தாவ. நீங்க கண்ண மூடிக்கிட்டு நில்லுங்க. தொறந்தா பலிக்காது, கேட்டேளா?"

அவர் மூடிக்கொண்டார். மாலைகள் வாடாமலிருக்கச் சுற்றியிருந்த ஈர வாழைப்பட்டைகளை அவள் உருவியெடுத்தாள். பெட்ரோல் பைப்பையும் பம்பையும் அவற்றால் சுற்றி, பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரை மேலே விட்டுக்கொண்டே இருந்தாள். வாய் மட்டும் முணுமுணுத்தது. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. "ஓர் பதிமூணு பதிமூணு, இரு பதிமூணு இருவத்தாறு..."

உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாய்ப்பாட்டை அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். பைப்பின் சூடு அடங்கியது. கார் இருமிக்கொண்டே கிளம்பியது. அண்ணாச்சி மண்டப வாசலில் மகளைத் தன் காரிலிருந்தே இறக்கினார். முகூர்த்தம் தப்பவில்லை.

சாயங்காலம் செல்வி மாப்பிள்ளையோடு போய்விட்டாள். அண்ணாச்சி காருக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைக் கொஞ்சம் தேற்றலாமென்று, "செல்வி என்னமா ஓதினா, இல்லியா அண்ணாச்சி?" என்றேன்.

"அது பதிமூணாம் வாய்ப்பாடாக்கும் மக்கா. எனக்குத் தெரியாதா? ரெண்டு எடத்துல தப்பாட்டுச் சொன்னா." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "இனி வழியில நின்னா எனக்கு ஆரு ஓதுவா?"

"நான் இருக்கேன் அண்ணாச்சி" என்றேன். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத் தாண்டாதவன் நான். வீட்டுக்குப் போய் முதல் வேலையாகப் பதிமூன்றாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தேன்.