கடுகளவு வெள்ளை

மூன்றாவது முறை அழுத்தித் தேய்த்ததும், கடுகளவு இருந்த வெள்ளைப் புள்ளி உளுந்தளவு ஆனது.

அவன் பல்லைக் கடித்தான். அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அடுத்தவர் தப்பைத் தேடிப் பிடித்து நீக்குவதுதான் தொழில். ஞாயிற்றுக்கிழமையும் அதே வேலை. தப்பைச் செய்தவன் மட்டும் மனைவியின் தம்பி. போன வாரம் சுவருக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தவன், முன்பு இருந்தவர்கள் காலி செய்து இவர்கள் குடிவந்த நாளிலிருந்து பழுப்பாகப் பளிச்சென்று இருந்த பிளாஸ்டிக் ஜன்னல் சட்டங்களில் தெறிக்க விட்டுவிட்டான்.

புதுச்சுவரின் அழகை வீட்டுக்கார அம்மாவுக்குப் படமெடுத்து அனுப்பியது அவனேதான். ஒரு வருஷமாக, இவர்கள் குடிவந்தபோதுகூட, இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத அந்த அம்மா, காலையில் கூப்பிட்டுவிட்டார்.

"சுவரை விடுங்க. ஜன்னல்ல பெயிண்ட் ஒட்டியிருக்கே. அஞ்சு மணிக்கு வர்றேன். அது இருந்தா, வேற வீடு பாத்துக்குங்க."

இந்த வீடு கிடைக்க ஏழு மாதம் நாயாய் அலைந்திருந்தார்கள்.

"வெந்நீர்ல ஊற வச்சுத் தேயுங்க" என்றாள் மனைவி.

தேய்த்தான். உளுந்து, கொண்டைக்கடலை ஆனது. சவர பிளேடால் சுரண்டினான். கொண்டைக்கடலை, நெல்லிக்காய் ஆனது.

"எடுக்கிறீங்களா, வளர்க்கிறீங்களா?"

"உன் தம்பிகிட்ட கேளு."

அவளைக் கேட்கவிடாமல் அவனே போனைப் போட்டான்.

"மாமா, நான் அடிக்கிற பெயிண்ட் தோள் பட்டாலே சட்டையோட வந்துடும்" என்றான் மச்சான். "இவ்வளவு தேய்ச்சும் போகலைன்னா, அது நான் அடிச்சதே இல்ல."

"உன் வேலை மட்டம்னு நீயே சாட்சி சொல்றியா?"

"உள்ளதைச் சொன்னேன். கோவப்படாதீங்க மாமா."

"எனக்கென்ன கோவம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பெயிண்ட் கடைக்கு நடந்தான்.

"பெயிண்ட் கரைக்கிற தின்னர் குடுங்க."

"எதுக்கு சார்?"

"பிளாஸ்டிக் ஜன்னலுக்கு."

"ஐயோ, பிளாஸ்டிக்குக்கு ஆகாது சார். பளபளப்பையே தின்னுடும்."

"விக்கத்தானே வச்சிருக்கீங்க? இல்ல, பூஜை பண்ணவா?"

கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

துணியை நனைத்து ஒரே இழுப்பு. துணியெல்லாம் பழுப்பு. சட்டத்தில் முழுதாக ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை. தின்னர் சட்டத்தின் நிறத்தையே கரைக்கிறது, மச்சானின் வெள்ளை மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது! மாமனார் குடும்பத்தில் ஏழு தலைமுறையையும் மனதுக்குள் வரிசையாக நிற்க வைத்துத் திட்டினான்.

மனைவி தள்ளி நின்று பார்த்தாள். "வெள்ளையும் வெளிச்சமா நல்லாத்தான் இருக்கு. முழுசும் இப்படியே ஆக்கிடுங்களேன்."

"உன்கிட்ட யாராவது யோசனை கேட்டாங்களா?"

"கேட்கலை. கேட்டிருந்தா இன்னும் நல்லதா சொல்லியிருப்பேன்."

மணி இரண்டு. ஒழிக்க முடியாததை மறைத்துவிடுவது என்று முடிவு செய்தான். மறுபடி அதே கடை. அதே பழுப்பில் ஒரு டப்பா. கடைக்காரர் இந்த முறை எதற்கு என்று கேட்கவில்லை.

நான்கு ஜன்னல், இரண்டு பூச்சு. காய்வதற்காக மின்விசிறியை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு ஓடினான். நாலே முக்காலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, அச்சுப்படியைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு சட்டமாகப் பார்த்தான். மருந்துக்குக்கூட ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை. அன்றைக்கு முதல்முறையாக அவன் முகம் இளகியது.

சரியாக ஐந்துக்கு வந்த வீட்டுக்கார அம்மா, நேராக ஜன்னலிடம் போனார்.

"நல்லா பாருங்கம்மா" என்று அவன் நெஞ்சை நிமிர்த்தினான். "காலையிலேருந்து இதே வேலை."

அவர் சட்டத்தில் விரலை வைத்தார். விரலில் ஒட்டியதைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"நான் வச்சது வெள்ளை ஜன்னல், தம்பி. இந்தப் பழுப்பைத்தான் எடுக்கச் சொன்னேன்."