உம்மணாமூஞ்சி கேப்டனின் நிபந்தனைகள்

சாமான் அறை அலமாரியின் கீழ்த்தட்டில் பல் டாக்டர் சிக்கிக்கொண்டிருந்தார். ஒருக்களித்துப் படுத்தவர் காலையில் புரண்டு பார்த்தார். வயிறு மேல்தட்டில் முட்டி நின்றுவிட்டது. இந்தப் பக்கமும் வர முடியவில்லை, அந்தப் பக்கமும் போக முடியவில்லை.

வாசலில் மனைவி காபிக் கோப்பையோடு வந்து நின்றாள்.

"ஏங்க, அகலமா ஒரு கட்டில் கெடக்கே, அது உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"படகுல படுக்கை இவ்வளவுதான் இருக்குமாம். பழகிக்கணும்."

"மொதல்ல வெளிய வரப் பழகுங்க. கையை இழுக்கட்டுமா, காலை இழுக்கட்டுமா?"

"பல்லைத் தவிர எதை வேணா இழு."

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் டாக்டரின் அண்ணன். அப்பா போனதும் தன் படிப்பைப் பாதியில் விட்டு, லாரி ஓட்டித் தம்பியை டாக்டராக்கியவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். பலகை பலகையாகச் செப்பனிட்டு, கடல் தாண்டி மறுகரைக்குப் போகப்போவதாக அறிவித்தார். "துணைக்கு நான் வரேண்ணே" என்று தம்பி சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"டேய், கரையோரமா நீ படகு ஓட்டக் கத்துக்கிட்டதெல்லாம் தொட்டிக்குள்ள நீச்சல் அடிச்ச மாதிரி. கரையே தெரியாத கடல் வேற. படகுலயே தங்கிப் படிக்கிற மேல்பயிற்சி இருக்கு. முடிச்சிட்டு வா, கண்டிப்பா கூட்டிட்டுப் போறேன்."

அண்ணன் தம்பியிடம் வாய் திறந்து கேட்டது ஆயுளில் இது ஒன்றுதான். உடம்புத் தோலைச் செருப்பாகத் தைத்துப் போட்டாலும் அவருக்குப் பட்ட நன்றிக்கடன் தீராது என்று நினைப்பவர் டாக்டர். ஒரு பயிற்சிக்கா பின்வாங்குவார்?

அந்தத் துறைமுகத்தில் அப்படிப்பட்ட பயிற்சி தருபவர்கள் இரண்டே பேர். முதலாமவரைச் சிரிப்பு மாஸ்டர் என்பார்கள். அவர் படகில் மெத்தை இருந்தது, மின்விசிறி இருந்தது, பாட்டுப் பெட்டிகூட இருந்தது.

"வாங்க டாக்டர்! எப்ப வேணா வாங்க. கஷ்டமே இருக்காது!"

டாக்டருக்குச் சுருக்கென்றது. 'வலிக்கவே வலிக்காது' என்று தினமும் பொய் சொல்லிப் பிழைப்பவர் அவர். அந்தப் பொய்யின் ஒன்றுவிட்ட தம்பியை அவருக்கு அடையாளம் தெரியாதா?

அடுத்த படகு பழையது. ஆனால் கயிறு ஒவ்வொன்றும் வட்டம் போட்டமாதிரி சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மேல்தளத்தில் படகின் சமையல்காரம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். பாய்த் துணியில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த கேப்டன் நிமிரவே இல்லை. கடுவன் பூனை மாதிரி முகம். துறைமுகம் அவருக்கு வைத்திருந்த பெயர் உம்மணாமூஞ்சி.

"கரையோரமா ஓட்டியிருக்கீங்களா?"

"ஓட்டியிருக்கேன் கேப்டன்."

"என்ன வேலை?"

"பல் டாக்டர்."

கேப்டன் நிமிர்ந்தார். டாக்டரின் வழுவழுப்பான கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

"உங்களுக்கு ஒத்து வராது. படுக்கை ரொம்பக் குறுகல். படுத்துப் பழகிட்டு வாங்க, பாக்கலாம்."

டாக்டருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்: "இவருதான் ஆசான்! வான்னு கூப்பிடறவன் வியாபாரி. வேணாம்னு சொல்றவன்தான் உண்மையான குரு."

"நீங்க என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டப்ப நான் உடனே சரின்னேனே, அப்ப நான் வியாபாரியா?"

டாக்டர் சாமான் அறையைக் காலி செய்யப் போனார்.

தட்டிலிருந்து இழுத்தெடுக்கப்பட்ட கதைதான் மேலே சொன்னது. இருந்தாலும் விடாமல் படுத்து, வயிற்றைச் சுருக்கி, கடைசியில் சவப்பெட்டியில் வைத்தது போல அசையாமல் தூங்கக் கற்றுக்கொண்டார். பெருமையோடு துறைமுகத்துக்குப் போனார்.

கேப்டனின் முகம் இன்னும் இருண்டது.

"படுக்கை மட்டும் போதாது. கடல்ல முழுத் தூக்கம் கெடையாது. தூங்கி, எழுந்து காவல் காத்து, மறுபடி தூங்கணும். அது உங்களால ஆகாது."

டாக்டர் தூக்கத்தைத் துண்டு போட்டார். முதல் பலன் மருத்துவமனையில் தெரிந்தது. நாற்காலியில் ஒரு வங்கி மேலாளர் 'ஆ'வென்று வாயைத் திறந்து வைத்திருந்தார். டாக்டர் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே உறங்கிவிட்டார். மேலாளர் மரியாதை தெரிந்தவர், வாயை மூடவில்லை. உதவிக்கு இருந்த பெண் வந்து தோளைத் தட்டியபோது, "காவல் மாத்தணுமா?" என்று கேட்டு டாக்டர் விழித்தார். மேலாளரின் தாடை மாலை வரை மூடவில்லை.

இதற்குத் தீர்வாக, தூக்கத்தை ஒழுங்காக முறை வைக்க மனைவியிடம் ஒரு மணியைக் கொடுத்தார். அவள் அடித்த அடியில் அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் காவல் காத்தன.

அதையும் தாண்டிப் போய் நின்றார். கேப்டன் பெருமூச்சு விட்டார்.

"ஆடுற அடுப்புல சமைக்கத் தெரியுமா?"

வீட்டில் ஆடுகிற அடுப்பு இல்லை. ஆகவே டாக்டர் ஒரு பலகையை உருளைமேல் வைத்து அதன்மேல் தான் ஏறி நின்றுகொண்டார். பலகையை ஆட்டும் பொறுப்பு மனைவிக்கு. திருமணம் ஆன நாளிலிருந்து இவ்வளவு உற்சாகமாக அவள் எந்த வேலையும் செய்ததில்லை.

"மெதுவா ஆட்டு! நான் புயல் கேக்கல, அலைதான் கேட்டேன்!"

"போன வருஷம் என் பொறந்த நாளை மறந்தீங்கள்ல, அந்த அலைங்க இது!"

சூப்பில் பாதி கூரைக்குப் போனது. மீதியை இருவரும் சுவரில் சாய்ந்து, சிரித்துச் சிரித்துக் குடித்தார்கள்.

கடைசியாகக் கேப்டன் ஒரு விசித்திரமான நிபந்தனை போட்டார். முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, வாயைச் சரியாகத் திறக்காமல் முணுமுணுத்தார்: "காத்துல பேச்சு கேக்காது. நான் கண்ணாலதான் சொல்லுவேன். என் கண்ணைத்தான் பாக்கணும், வாயைப் பாக்கவே கூடாது."

வாயைப் பார்த்தே வயிறு வளர்த்தவருக்கு இது பெரிய சோதனை. அடுத்து வந்த நோயாளிகளின் கண்ணையே கூர்ந்து பார்த்துப் பழகினார். ஒரு பாட்டுக்கார அம்மாளிடம், "உங்களுக்குச் சொத்தையே இல்லையே" என்றார்.

"நான் இன்னும் வாயே தொறக்கல டாக்டர்!" என்றாள் அவள்.

அதுவும் பழகிவிட்டது. இனிமேல் சொல்வதற்குக் கேப்டனிடமும் எதுவும் மிச்சமில்லை போலும். "சரி, வாங்க" என்றார், தூக்குத் தண்டனையை ஏற்றுக்கொள்பவர் குரலில்.

புறப்படும் காலையில் மனைவி துறைமுகம் வரை வந்தாள். போகும் வழியில் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முன்னெல்லாம் உப்பு கம்மின்னா தட்டைத் தள்ளி விடுவீங்க. இப்ப குடுத்ததைச் சாப்பிடறீங்க, எழுப்புனா எந்திரிக்கிறீங்க, நான் கண்ணால சொன்னாலே புரிஞ்சிக்கிறீங்க. அந்தக் கேப்டன் இருக்கற தெசையைப் பாத்துக் கும்பிடணும்."

படகில் கேப்டன் டாக்டரின் பையை வாங்கித் தலைகீழாகக் கொட்டினார். சட்டை, சோப்பு, டார்ச் விளக்கு. காலுறைகளைக்கூட உதறிப் பார்த்தார். பல் துலக்கும் பிரஷ்ஷை மட்டும் கொஞ்சம் சந்தேகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆயுதம் எதுவும் இல்லையே?"

"இல்ல கேப்டன்."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "கேப்டன், எங்கண்ணன் என்னை ஆளாக்கினார். அவர்கூடப் போற தகுதியை நீங்க குடுத்தீங்க. என்னை மாதிரி ஒரு மெத்தனக்காரனுக்காக இத்தனை பரீட்சை வெச்சு, இவ்வளவு பொறுமையா உருவாக்க யாருக்கு மனசு வரும்? சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

கேப்டன் உதட்டைப் பிரிக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, விறுவிறுவென்று படகின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

"எவ்வளவு பெரிய மனுஷன் பாருங்க, நன்றி சொன்னாக்கூட நிக்க மாட்டேங்கறார்" என்றார் டாக்டர், பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரம்மாவிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சமையல்காரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "பரீட்சையாவது ஒண்ணாவது! கடவாய்ப் பல்லு வீங்கி மாசக்கணக்கா கஷ்டப்படறாரு டாக்டர். பல் டாக்டர் போர்டைப் பாத்தாலே தெரு மாறிப் போற மனுஷன், நடுக்கடல்ல உங்ககிட்ட மாட்டிக்கிட்டா எங்க ஓடுறதுன்னுதான் இத்தனை நாளா உங்களைக் கழட்டிவிடப் பாத்தாரு!"