மூச்சு மேடத்தை நாங்கள் காப்பாற்றிய கதை

எனக்கு எழுத்து கோணலாக வரும். நாலாம் வகுப்போடு நின்றவள். தேதி, கிழமை எல்லாம் மறந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன்: உலகத்தில் எங்கே வெள்ளம், பூகம்பம், சண்டை என்றாலும் எங்கள் மூச்சு மேடம் போய் நிற்காமல் அது ஓயாது.

பக்கத்து எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுத்தவரின் மகள். நிவாரண வேலையில் சாதாரண ஆளாகச் சேர்ந்து, எத்தனையோ நாட்டு முகாம்களுக்குத் தலைவியாகி, தலை நரைத்தபின் எங்கள் கேரளத்து இடுக்கிக்கே திரும்பி வந்து நிவாரணக் குழு நடத்தினார். கழுத்தில் விசில், இடுப்பில் அளவு நாடா. சொந்தப் பெயர் ஏதோ இங்கிலீஷ் எழுத்துகளோடு நீளமாக இருக்கும். மூச்சு மேடம் என்ற பெயர் வந்ததற்கு நாங்கள்தான் காரணம்.

அந்த வருஷம் மழை விடவேயில்லை. எங்கள் லயத்துக்கு, அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளுக்குப் பின்னால் கை நுழையும் அகலத்துக்கு மண் பிளந்துவிட்டது. மத்தியானம் கீழ் ரோட்டில் ஜீப் வந்து மைக்கில் கத்தியது: “எல்லாவரும் உடனே துரிதாஸ்வாச கேம்பிலேக்கு மாறணம்!”

எங்களுக்குக் கடைத்தெரு மலையாளம் தெரியும். ஆபீஸ் மலையாளம் தெரியாது. பக்கத்து வீட்டுப் பாக்கியம்தான் அர்த்தம் சொன்னாள்.

“துரித சுவாசம்னா வேகமா மூச்சு வாங்குறது, ஏட்டி. கொரோனால மூச்சு வாங்குனவங்கள வண்டில ஏத்திட்டுப் போனாங்கள்ல? அந்தக் கேம்ப்பு!”

“எனக்கு மூச்சு நல்லாத்தான இருக்கு?”

“எனக்கும்தான். கதவச் சாத்து!”

பிள்ளைகள் எல்லாம் திருப்பூரில் வேலைக்கு. லயத்தில் மிச்சம் ஐந்து கிழவிகள். ஐந்து கதவும் சாத்திக்கொண்டன.

மேடம் விசில் ஊதிக்கொண்டே சேற்றில் ஏறி வந்தார். “எங்களுக்கு மூச்சு நல்லாத்தான் இருக்கு, போ!” என்று உள்ளேயிருந்து கத்தினோம்.

“பாட்டி, அது மூச்சு இல்ல! மலையாளத்துல துரிதம்னா கஷ்டம், ஆஸ்வாசம்னா நிவாரணம்! மலை சரியப் போவுது, வெளிய வாங்க!”

பாக்கியம் ஜன்னல் வழியாகச் சொன்னாள்: “ஆள் பிடிக்க வர்றவ அப்படித்தான் சொல்லுவா!”

அப்போது மேலேயிருந்து ஒரு கல் உருண்டு வந்து எங்கள் கோழிக்கூட்டைத் தாண்டி ஓடியது. மேடம் கல்லைப் பார்த்தார். கதவுகளைப் பார்த்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

“ஐயோ பாட்டி... எனக்கு மூச்சு வாங்குதே...”

ஐந்து கதவும் ஒரே நேரத்தில் திறந்தன!

“பாத்தியா, நோய்க்காரி இவதான்! கேம்ப்புக்குத் தூக்குங்கட்டி!” என்றாள் பாக்கியம்.

என் கம்பளியை விரித்து அவரைக் கிடத்தினோம். நாலு பேர் நாலு முனை. நான் குடை பிடித்தேன். இன்னொரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். படுத்த வாக்கில் மேடம் உத்தரவு போட்டார்.

“இடது பக்கம் வழுக்கும்... நிக்காதீங்க... அஞ்சு பேரும் இருக்கீங்களா?”

“மூச்சு வாங்குறவ இம்புட்டுப் பேசலாமா? வாய மூடு தாயி!”

கேம்ப் நடந்த பள்ளிக்கூட வாசலில் மேடம் கம்பளியிலிருந்து குதித்தார். ஒரு விசில் ஊதினார் பாருங்கள்! நல்ல நுரையீரல் இரண்டு ஜோடி இருந்தால்தான் அத்தனை நீளம் வரும். “அஞ்சு பேரும் வந்தாச்சு!”

பாக்கியம் திட்ட வாயைத் திறந்தாள். மலையில் இடி மாதிரி ஒரு சத்தம். எங்கள் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் தெரிந்தது. பாக்கியம் திறந்த வாயோடு எங்களை ஒருதரம் எண்ணிப் பார்த்தாள்.

அப்புறம் அந்தக் கேம்ப்பில் நாங்கள் பட்ட பாடு! “முதல்ல கக்கூஸ், அப்புறம்தான் சோறு” என்று குழி தோண்ட வைத்தார். பாய்க்கும் பாய்க்கும் நடுவே நாடா வைத்து அளந்தார். யாரோ புண்ணியவான் ஒரு பெட்டி நிறைய கழுத்து டை அனுப்பியிருந்தார். மேடம் அவற்றை முடிந்து தார்ப்பாய் கட்டினார். வந்து பார்த்த பெரிய ஆபீசர் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“நடிச்சுத்தான எங்கள ஏமாத்துன?” என்று பாக்கியம் கேட்கும்போதெல்லாம் மேடம் சிரிப்பார். ஆனால் கம்பளியில் கிடந்தபோது என் கையை இறுக்கிய அந்தப் பிடி நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது வேறு நாட்டில் முகாம் நடத்துகிறாராம். நாட்டின் பெயர் எனக்கு வாயில் நிற்கவில்லை. யாராவது சரிபார்த்துப் போடுங்கள். அங்கே மேடு ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்குகிறதா என்றும் கேட்டுச் சொல்லுங்கள். கம்பளியைத் துவைத்து வைத்திருக்கிறேன்.